கல் மேடைக்கு சீலர் பூசுவது எப்படி: முதலில் கல்லைச் சோதித்துப் பாருங்கள்

சமையலறையில் புதிதாகக் கல் மேடை போட்டவர்கள் முதன்முதலில் பதறுவது பெரும்பாலும் ஒரே காட்சியைப் பார்த்துத்தான். இரவு எண்ணெய் பாட்டில் நின்ற இடத்தில் காலையில் வட்டமாக ஒரு கருமை. ஈரத்துணியால் துடைத்தாலும் போகவில்லை, சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. எப்படிப் போகும்? அந்த எண்ணெய் இப்போது கல்லின் மேல் இல்லை, உள்ளே இறங்கிவிட்டது.

கண்ணாடி போல மெருகேற்றிய கல்லில் துளை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். இயற்கைக் கல் என்பது கனிமத் துகள்கள் நெருக்கமாகப் பிணைந்து உண்டானது. எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் துகள்களுக்கு இடையே மயிரிழையைவிட மெல்லிய சந்துகள் இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல இந்தச் சந்துகள் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சில கற்கள் மெதுவாக இழுக்கும், சில வேகமாக இழுக்கும், சில ஏறக்குறைய இழுப்பதே இல்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் சீலர் டப்பாவைத் திறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

சீலர் என்றதும் கல்லின் மேல் ஒரு கண்ணாடித் தாள் ஒட்டுவதைப் போல நினைத்துக்கொள்கிறோம். சமையல் மேடைக்கு ஏற்ற சீலர் அப்படி வேலை செய்வதில்லை. அது உள்ளே இறங்கி, அந்தச் சந்துகளின் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. சுவரின் தன்மை மாறிவிடுகிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததுபோல, அந்தச் சுவரில் நீரோ எண்ணெயோ எளிதில் பரவ முடியாமல் போகிறது. சந்து முழுவதும் அடைபடுவதில்லை. கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற வழி திறந்தே இருக்கும்.

ஆகவே சீலர் நமக்குத் தருவது நேரம். வேகமாக உறிஞ்சும் கல்லில் சில நிமிடங்களில் இறங்கிவிடும் திரவம், சீலர் பூசிய பிறகு இறங்கப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் துடைத்துவிட்டால் கறை இல்லை. நாள் முழுக்க அப்படியே விட்டால் எவ்வளவு நல்ல சீலரும் கைவிட்டுவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

கல் குடிக்கிறதா?

இதற்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும். மேடையைத் துடைத்து, ஒரு இரவு முழுக்க நன்றாகக் காயவிடுங்கள். மறுநாள் மூன்று இடங்களில் தண்ணீரைச் சிறு குட்டையாக விடுங்கள்: தொட்டிக்குப் பக்கத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், அதிகம் புழங்காத ஒரு மூலையில். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள்.

ஓரிரு நிமிடங்களிலேயே தண்ணீருக்கு அடியில் கல் கருக்கத் தொடங்கினால், அந்தக் கல் நன்றாகக் குடிக்கிறது. சீலர் அவசியம், ஒரு கை (ஒரு பூச்சு) பூசினால் போதாமலும் போகலாம். 10, 15 நிமிடம் கழித்து லேசாக நிறம் மாறினால் ஒரு கை பூசலாம். அரை மணி நேரம் கழித்துத் துடைத்தும் நிற மாற்றம் எதுவும் இல்லையென்றால், இப்போதைக்கு சீலர் தேவையில்லை. தண்ணீரால் வந்த கருமை காய்ந்ததும் மறைந்துவிடும், அதனால் பயமில்லாமல் செய்யலாம். மூன்று இடத்திலும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தினமும் ஈரமும் சோப்பும் படும் தொட்டியோரம் மற்ற இடங்களுக்கு முன்பே பாதுகாப்பை இழந்துவிடும்.

இங்கே பலரும் தவறாகப் படிக்கும் ஒன்று உண்டு. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் கல்லுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பரவினால் இல்லை என்று சொல்வார்கள். அது சரியான அடையாளம் அல்ல. மேலே மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். அடர்த்தியான கல்லில் தண்ணீர் தட்டையாகப் பரவிக் கிடந்தாலும் ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் இருக்கலாம். முத்தைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள்.

எண்ணெயையும் சோதிக்க விரும்பினால் கண்ணில் படாத மூலையில் ஒரே ஒரு சொட்டு விட்டு, கால் மணி நேரத்தில் துடைத்துப் பாருங்கள். எண்ணெய்க் கருமை தண்ணீரைப் போலத் தானாக மறையாது, அதனால் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

குடிப்பது வேறு, அரிபடுவது வேறு

கல்லின் பெயரைத் தெரிந்துகொள்வது அடுத்த வேலை. விற்பனைப் பெயரை நம்ப வேண்டாம். கிரானைட் என்று விற்கப்படும் கற்கள் எல்லாம் புவியியல்படி கிரானைட் அல்ல. கன்னங்கரேலென்று இருக்கும் பல கற்கள் காப்ரோ, டோலரைட், பசால்ட் வகையைச் சேர்ந்தவை. அவை மிக அடர்த்தியானவை, பெரும்பாலும் சீலரே கேட்பதில்லை. கேட்காத கல்லுக்கு சீலர் கொடுத்தால் அது உள்ளே போக இடமில்லாமல் மேலேயே நின்று, மங்கலான படலமாகக் காய்ந்துவிடும். கருப்பாக இருப்பதால் மட்டும் ஒரு கல் இந்த வகையில் சேர்ந்துவிடாது. கருப்பு நிறச் சுண்ணாம்புக்கல் பலகைகளும் மேடைக்கு வருகின்றன, அவற்றின் குணமே வேறு.

உண்மையான கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகியவை இருக்கும். வெளிர் நிறக் கிரானைட்டுகள் பல, கருநிறக் கற்களைவிட அதிகமாகக் குடிக்கும். குவார்ட்சைட் மிகக் கடினமான கல், ஆனால் அதிலும் சில வகைகள் தண்ணீரை நன்றாகவே இழுக்கும். கடினத்தையும் உறிஞ்சும் குணத்தையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடின அளவுகோலில் குவார்ட்ஸ் 7, பளிங்கில் உள்ள கால்சைட் என்ற கனிமம் 3. இது எது எதைக் கீறும் என்று சொல்லும் எண், எது எதைக் குடிக்கும் என்று சொல்லும் எண் அல்ல.

பளிங்கு, சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் ஆகியவை கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் கூட்டம். இவற்றின் பெரிய பகை அமிலம். எலுமிச்சைச் சாறு, வினிகர், தக்காளி, பழச்சாறு எது பட்டாலும் கால்சியம் கார்பனேட் கரைந்து, கரியமில வாயு வெளியேறி, மெருகு போன ஒரு மங்கல் திட்டு விழும். இது கறை அல்ல, காயம். கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இறங்கி நிற்கும் எந்த சீலராலும் மேலே நடக்கும் இந்த வேதிவினையைத் தடுக்க முடியாது. "சீலர் பூசியும் பளிங்கில் தடம் விழுகிறதே, ஏமாற்றிவிட்டார்கள்" என்று வருந்துபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பு, கட்டடக் கிரானைட் தன் எடையில் 0.40 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. பளிங்குக்கு அந்த வரம்பு 0.20 சதவீதம். அதாவது நல்ல பளிங்கு அதிகம் குடிக்கும் கல்லே அல்ல. ஆனாலும் சமையலறையில் அதிகக் கவனம் கேட்பது பளிங்குதான், காரணம் அமிலம். அடர்த்தி குறைந்த சுண்ணாம்புக்கல்லுக்கோ அதே அமைப்பின் வரம்பு 12 சதவீதம் வரை போகிறது. அது குடிக்கவும் செய்யும், அரிபடவும் செய்யும்.

உங்கள் கல் எந்தக் கூட்டம் என்று தெரியவில்லையா? குழாய்க்குப் பின்னாலோ ஏதாவது பொருள் மறைக்கும் மூலையிலோ ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கழுவித் துடையுங்கள். சாய்வாகப் பார்க்கும்போது அந்த இடம் மெருகிழந்து தெரிந்தால் கால்சைட் கலந்த கல். எந்த மாற்றமும் இல்லையென்றால் கிரானைட் அல்லது குவார்ட்சைட் பக்கம். குவார்ட்சைட் என்ற பெயரில் பளிங்கோ டோலமைட்டோ விற்கப்படுவது உண்டு, அதனால் பலகை வாங்கும் முன்பே ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்கி இதைச் செய்துவிடுவது மிக நல்லது. டோலமைட் மெதுவாகத்தான் வினைபுரியும், அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

மாக்கல்லுக்கு சீலர் வேண்டாம். அது உறிஞ்சுவதும் இல்லை, அமிலத்துக்கு அசைவதும் இல்லை. நிறம் ஒரே சீராகக் கருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் மினரல் ஆயில் தடவுவார்கள், அது அழகுக்காக மட்டும். ரெசின் கலந்து ஆலையில் வார்க்கப்படும் குவார்ட்ஸ் பலகைகளுக்கும் சீலர் தேவையில்லை.

எந்த சீலர்

லேபிளில் "பெனிட்ரேட்டிங்" அல்லது "இம்ப்ரெக்னேட்டிங்" என்ற சொல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ளே இறங்குவது என்றுதான் பொருள். மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக், பாலியூரித்தேன், மெழுகு வகைகளை மேடைக்கு வாங்காதீர்கள். கத்தியும் சூடான பாத்திரமும் புழங்கும் இடத்தில் அந்தப் படலம் கீறல் விழுந்து, உரிந்து, பிறகு அதைச் சுரண்டி எடுப்பதே பெரிய வேலையாகிவிடும்.

சிலேன், சிலாக்சேன் அடிப்படையிலான சீலர்கள் தண்ணீரை நன்றாகத் தடுக்கும், எண்ணெயில் அவ்வளவு வலு இல்லை. ஃபுளூரோபாலிமர் வகை இரண்டையும் தடுக்கும். சமையலறையில் எண்ணெய்தான் முக்கியப் பகை என்பதால் லேபிளில் எண்ணெய்க் கறையையும் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஃபுளூரோ வேதிப்பொருள்கள் பல, சுற்றுச்சூழலில் எளிதில் சிதைவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரணத்தால் சிலாக்சேன் போதும் என்று முடிவெடுத்து, எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நியாயமான முடிவுதான்.

நீரில் கரைத்த சீலரில் வாடை குறைவு. கரைப்பானில் கரைத்தது மெருகேற்றிய அடர்த்தியான கல்லில் பொதுவாக நன்றாக இறங்கும், ஆனால் வாடையும் தீப்பிடிக்கும் அபாயமும் அதிகம். முதல் முறை பூசுபவர்களுக்கு, கல் ஓரளவு குடிக்கிறது என்றால், நீர் வகையையே சொல்வேன். "என்ஹான்ஸர்" என்று போட்டிருந்தால் கல்லின் நிறம் நிரந்தரமாக அடர்ந்துவிடும். ஆசைப்பட்டு வாங்குவதானால் சரி, தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். உணவு படும் இடத்துக்கு ஏற்றது என்று லேபிளில் இருக்க வேண்டும். ஒரு சமையலறைக்கு அரை லிட்டர் வாங்கினாலே பெரும்பாலும் மிஞ்சும்.

பூசும் முன்: கறை இருந்தால் முதலில் அது

பழைய கறை இருக்கும்போதே சீலர் பூசினால், கறையை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். எனவே முதலில் கறை.

உள்ளே இறங்கிய கறையை மேலே தேய்த்து எடுக்க முடியாது, இழுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பற்றுப் போடுவதுதான் வழி. உடம்பில் வீக்கத்துக்குப் பற்றுப் போடுவது மாதிரியேதான். சமையல் சோடா போல உறிஞ்சும் வெள்ளைத் தூளை, கறைக்கு ஏற்ற திரவத்தில் குழைத்துப் பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய்க் கறைக்கு அசிட்டோன். காபி, தேநீர், மஞ்சள் போன்ற தாவரச் சாயங்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆனால் வெளிர் நிறக் கல்லில் மட்டும். கருநிறக் கல்லை அது வெளுக்கச் செய்துவிடலாம்.

கறையின் விளிம்பைத் தாண்டி ஒரு விரற்கடை வரை, சுமார் 6 மி.மீ. கனத்தில் அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாள் மூடி, ஓரங்களை டேப்பால் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். அப்புறம் தாளை எடுத்துவிட்டு, பற்று முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். இந்தக் காய்தல்தான் உண்மையான வேலையைச் செய்கிறது. திரவம் முதலில் உள்ளே போய்க் கறையைக் கரைக்கிறது, பிறகு ஆவியாகி மேலே வரும்போது கறையையும் கூட்டிக்கொண்டு வந்து தூளில் விட்டுவிடுகிறது. அவசரப்பட்டு ஈரமாகவே சுரண்டினால் கறை உள்ளேயே நின்றுவிடும். காய்ந்ததும் பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, கழுவித் துடையுங்கள். பழைய எண்ணெய்க் கறைக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும். முதல் முறையில் பாதி மங்கினாலே வழி சரியென்று அர்த்தம்.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து வைத்துத்தான் அதைத் தொட வேண்டும். பிளீச்சையும் அம்மோனியாவையும் ஒருபோதும் கலக்காதீர்கள், கிளம்பும் வாயு நச்சு. துருக் கறைக்குக் கடையில் கிடைக்கும் துரு நீக்கிகளை வாங்கி ஊற்ற வேண்டாம். சிலவற்றில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும், அது கிரானைட்டையே அரிக்கும், மனிதருக்கும் மிக ஆபத்தானது. துருவுக்குக் கல் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவதே சரி.

குழாயைச் சுற்றி வளையமாக ஒரு கருமை தெரிந்தால் அது பெரும்பாலும் சமையலால் வந்ததல்ல. குழாய் பொருத்தும்போது அடியில் வைக்கும் எண்ணெய் கலந்த அடைப்புப் பசையிலிருந்து (பிளம்பர் புட்டி) எண்ணெய் கல்லுக்குள் கசிந்ததன் அடையாளம். சில சிலிகான் பசைகளும் இப்படிக் கசியும். இன்னும் மேடை போடவில்லை என்றால், கல்லுக்கென்றே உள்ள, கறை விடாத சிலிகானைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உப்பு நீர் காய்ந்து மேலே படியும் வெள்ளை வளையம் உள்ளே இறங்கிய கறை அல்ல. கிரானைட்டில் அதைச் சவர பிளேடைத் தட்டையாகப் பிடித்து மெல்ல வழித்து எடுக்கலாம். பளிங்கில் பிளேடும் வேண்டாம், வினிகரும் வேண்டாம்.

வேலையைத் தொடங்குவோம்

முந்தின நாளே மேடையைக் காலி செய்துவிடுங்கள். பிஎச் 7 அளவுள்ள, அதாவது அமிலமும் காரமும் இல்லாத, மென்மையான கழுவுநீரால் கழுவி, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, பிறகு ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் பிசுக்கு எடுங்கள். சோப்புப் படலமோ எண்ணெயோ மிஞ்சியிருந்தால் சீலர் கல்லுக்குப் பதில் அதில்தான் ஒட்டும். அதன்பின் குறைந்தது 24 மணி நேரம் காயவிட வேண்டும். தொட்டியோரத்துக்கு இன்னும் ஒரு நாள் கொடுத்தாலும் நல்லது. சந்துக்குள் தண்ணீர் நிற்கும்போது சீலருக்கு அங்கே இடமில்லை. புதிதாகப் பொருத்திய மேடையானால் வெட்டும்போது பட்ட நீரும், ஒட்டிய பசையும் முழுக்கக் காய்ந்தபின்தான் தொடங்க வேண்டும். பொருத்தியவரிடம் ஏற்கெனவே சீலர் பூசப்பட்டதா என்றும் கேளுங்கள்.

பூசும் நாளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: சீலர், கையுறை, பூசுவதற்கு ஒரு வெள்ளைப் பருத்தித் துணி, துடைப்பதற்கு நான்கைந்து சுத்தமான மைக்ரோஃபைபர் துணி, மாஸ்கிங் டேப், ஒரு கடிகாரம். துணி ஒன்றிரண்டு போதும் என்று நினைக்காதீர்கள். சீலர் ஊறிய துணியால் துடைத்தால் எடுப்பதைவிடத் திரும்பப் பூசுவதே அதிகம்.

அடுப்பின் உலோக விளிம்பு, தொட்டி, சுவர் ஓடு ஆகியவற்றின் ஓரங்களை டேப்பால் மூடுங்கள். சன்னல்களைத் திறங்கள். கரைப்பான் வகையானால் வீட்டில் எங்கும் திறந்த தீ இருக்கக் கூடாது. வெயில் நேரடியாக விழுந்து சூடேறிய கல்லில் பூசினால் சீலர் இறங்குவதற்குள் காய்ந்துவிடும், அதனால் கல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் மறைவான ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் முழு வேலையையும் ஒரு முறை செய்து, மறுநாள் பாருங்கள். நிறமும் மெருகும் மாறாமல் இருந்தால் மட்டும் மேற்கொண்டு போகலாம். இந்த ஒரு நாள் காத்திருப்பைத் தவிர்க்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் கை நீட்டினால் எட்டும் அளவு, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். நான் முதல் முறை பூசியபோது மேடை முழுவதையும் ஒரே வீச்சில் தடவிவிட்டேன். கடைசி மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலை காய்ந்து, வெண்புகை படிந்தாற்போல் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு முழு நாள் போனது. பகுதி பகுதியாகச் செய்வதால் வேலை தாமதமாகாது.

ஒரு பகுதியில் சீலரைத் துணியால் சீராகத் தடவுங்கள். மேற்பரப்பு முழுக்க ஈரமாக மின்ன வேண்டும், குட்டை கட்டக் கூடாது. லேபிள் சொல்லும் நேரம் காத்திருங்கள், பெரும்பாலான சீலர்களுக்கு அது 5 முதல் 15 நிமிடம். இந்த நேரத்தில் கல்லைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்காவது சீலர் முழுக்க உறிஞ்சப்பட்டு உலர்ந்ததுபோலத் தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தடவுங்கள். அங்கேதான் கல் அதிகம் குடிக்கிறது.

நேரம் முடிந்ததும் மேலே மிஞ்சிய சீலரை ஒரு சொட்டுகூட விடாமல் துடைத்தெடுங்கள். முதல் துணியால் ஈரத்தை எடுத்து, இரண்டாவது துணியால் வட்டமாகத் தேய்த்து, மூன்றாவது உலர்ந்த துணியால் மெருகு வரும்வரை தேயுங்கள். கையால் தடவிப் பார்த்தால் வழுக்கலோ பிசுக்கோ இருக்கக் கூடாது. இந்த முழு வேலையிலும் நான் அதிகம் வலியுறுத்துவது இந்தத் துடைத்தலைத்தான். உள்ளே போனது மட்டும்தான் நமக்குப் பயன்படும். மேலே நிற்பது பாதுகாப்பைக் கூட்டாது, மேடையை மங்கலாக்கும்.

விளிம்புகளையும் தொட்டிக்காக வெட்டிய உள்வாயையும் மறந்துவிடாதீர்கள். வெட்டிய இடத்தில் மெருகு இருக்காது, அங்கே கல் மேற்பரப்பைவிட வேகமாகக் குடிக்கும், தண்ணீரும் அங்கேதான் அதிகம் படும். அந்த வெட்டு வாய்க்கு மட்டும் இரண்டு கை பூசினாலும் தகும். இரண்டு பலகைகள் சேரும் இணைப்புக் கோட்டிலும் கவனமாகத் துடையுங்கள், சீலர் அங்கே தேங்கி நிற்கும்.

இரண்டாவது கை தேவையா என்பதைக் கல்லே சொல்லும். லேபிளில் சொன்ன இடைவெளி விட்டு, முதலில் வேகமாகக் குடித்த இடத்தில் ஒரு சொட்டு சீலரைத் தடவிப் பாருங்கள். அது உள்ளே இறங்கினால் இன்னொரு கை பூசலாம். மேலேயே நின்றால் உடனே துடைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரைப்பான் ஊறிய துணிகளைச் சுருட்டி மூடிய குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். வெளியே விரித்துக் காயவைத்து, வாடை போனபின் அப்புறப்படுத்துங்கள்.

பூசி முடித்த அன்று மேடையில் தண்ணீர் படக் கூடாது. முழுதாக இறுக 24 முதல் 72 மணி நேரம் வரை ஆகும், எவ்வளவு என்று லேபிளில் இருக்கும். அதுவரை உணவை நேரடியாக மேடையில் வைக்க வேண்டாம்.

படலம் படிந்துவிட்டால்

மறுநாள் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது கோடு கோடாகவோ புகைபோலவோ தெரிந்தால் பதற வேண்டாம். துடைக்காமல் விட்ட சீலர் மேலேயே காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதே சீலரை அந்த இடத்தில் கொஞ்சம் தடவி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டால் பழைய படலம் இளகும். உடனே உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் சிறு சிறு இடமாகத் துடைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் கருஞ்சாயம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சில பலகைகள் கருமை கூட்டுவதற்காகச் சாயம் ஏற்றப்பட்டவை, அசிட்டோன் அந்தச் சாயத்தைக் கரைத்துவிடும்.

அதன்பின்

அன்றாடம் துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரும் கல்லுக்கென்று உள்ள மென்மையான கழுவுநீரும் போதும். பாத்திர சோப்பை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் நாளடைவில் படலம் படிந்து மெருகைக் குறைக்கும். வினிகர், எலுமிச்சை கலந்த கழுவுநீர்கள், குளியலறைக்கான அமிலக் கழுவுநீர்கள் மேடைக்கு ஆகாது. தேய்க்கும் பவுடரும் கம்பி நாரும் பளிங்கைக் கீறிவிடும்.

எதுவும் சிந்தினால் முதலில் துணியை வைத்து ஒற்றி எடுங்கள். இழுத்துத் துடைத்தால் பரவும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரடியாக வைக்காதீர்கள். கிரானைட் சூட்டைத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் ஓர் இடம் மட்டும் திடீரென்று சூடேறினால், ஏற்கெனவே நுண்விரிசல் உள்ள பலகையில் அது பிளவாக மாறலாம். பலகையில் ஆலையில் ஏற்றிய ரெசின் இருந்தால் அதுவும் கெடும். ஒரு மரப்பலகையோ துணிப் பிரிமணையோ வைப்பது சிரமமான காரியம் அல்ல.

பளிங்கில் அமிலத் தடம் விழுந்துவிட்டால் சீலரைத் தேடிப் போகாதீர்கள், அது மெருகேற்றும் வேலை. சிறு தடத்துக்குப் பளிங்குக்கான மெருகுப் பவுடரை ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்தால் மெருகு திரும்பும். விரலால் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும் அளவு ஆழமாக இருந்தால் கல் மெருகு போடுபவர்தான் சரிசெய்ய முடியும். மெருகில்லாத, மங்கலான வேலைப்பாடு கொண்ட பளிங்கில் இந்தத் தடங்கள் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. பளிங்கு மேல் ஆசை விடவில்லை, ஆனால் தினமும் எலுமிச்சை நறுக்கும் மேடை என்றால், அந்த வேலைப்பாட்டை யோசிக்கலாம்.

மறுபடி எப்போது சீலர் பூசுவது? லேபிளில் ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று ஏதேதோ போட்டிருக்கும். உங்கள் மேடை எவ்வளவு புழங்குகிறது, எதனால் துடைக்கப்படுகிறது என்பது அந்த லேபிளுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே தேக்கரண்டித் தண்ணீரை அதே மூன்று இடங்களில் விட்டுப் பாருங்கள். தொட்டியோரம் மட்டும் கருத்தால் தொட்டியோரத்துக்கு மட்டும் பூசினால் போதும், மேடை முழுக்கப் பூச வேண்டியதில்லை. மிஞ்சிய சீலர் டப்பாவில் வாங்கிய தேதியையும் கல்லின் பெயரையும் எழுதி, மூடியை இறுக்கி, சூடு படாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது சீலர் கெட்டிப்பட்டோ திரிந்தோ இருந்தால் அதைப் பூசாமல் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.